மார்கழியில் பூக்க வேண்டும்: டெல்டா கொல்லையில் பெரிய தக்காளி

அரைக் கிலோவைத் தொடும் தக்காளியை வட்டமாக அரிந்து, உப்பும் மிளகும் தூவித் தட்டில் வைக்கும் ஆசையில் விதை வாங்குகிறவர்கள் தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறைப் பக்கம் இப்போது நிறையப் பேர். விதை முளைக்கிறது, செடி ஆளுயரம் வளர்கிறது, பூவும் வருகிறது. காய்தான் பிடிப்பதில்லை. பூக்காம்பு கணுவில் மஞ்சளாகி, தொட்டாலே உதிர்கிறது. உரம் போதவில்லை போலிருக்கிறது என்று இன்னும் கொஞ்சம் புண்ணாக்குக் கரைசல் ஊற்றுவார்கள். செடி இன்னும் தழைக்கும், பூ இன்னும் உதிரும்.

பெரும்பாலும் தப்பு விதைத்த நாளில் இருக்கும். தக்காளிப் பூ காயாக மாறுவதைப் பகல் வெயிலைவிட இரவுச் சூடுதான் அதிகம் தீர்மானிக்கிறது. இரவு 15 முதல் 21 டிகிரிக்குள் இருந்தால் நன்றாகப் பிடிக்கும். 24-ஐத் தாண்டிவிட்டால் மகரந்தம் சோடை போகும். செர்ரித் தக்காளி இதை ஓரளவு தாங்கும். நாட்டுத் தக்காளி சமாளிக்கும். பெரிய ரகங்கள்தான் முதலில் கைவிரிக்கும். சாதாரணத் தக்காளியைக் குறுக்கே அரிந்தால் இரண்டு முதல் நான்கு அறைகள் தெரியும். பெரிய ரகத்தில் எட்டுப் பத்து அறைகள்கூட இருக்கும். அவ்வளவு பெரிய சூலகம் ஒழுங்காக உருவாகிக் கருத்தரிக்க வேண்டும் என்பதால் சூட்டில் அதற்குப் பாடு அதிகம்.

நம் பக்கம் அந்த இரவுகள் எப்போது கிடைக்கும்? தஞ்சாவூரில் மார்கழி, தை இரவுகள் 20 முதல் 22 டிகிரி வரை இறங்கும். நாகப்பட்டினம், வேதாரண்யம் கரையோரத்தில் கடல் காற்றால் ஒன்றிரண்டு டிகிரி கூடுதலாகவே நிற்கும். பங்குனி பிறந்தால் எல்லா இடத்திலும் 24 தாண்டிவிடும். ஆக, பூக்கள் வர வேண்டிய காலம் மார்கழித் தொடக்கத்திலிருந்து மாசி முதல் வாரம் வரை. விதைத்த நாளிலிருந்து முதல் பூ வர 60 முதல் 65 நாள் ஆகும். பின்னோக்கி எண்ணினால் விதைக்கும் நாள் புரட்டாசி மூன்றாம், நான்காம் வாரம், அதாவது அக்டோபர் முதல் பாதி.

ஆடிப்பட்டம் தேடி விதைப்பது வெண்டைக்கும் அவரைக்கும் சரி. இந்தத் தக்காளியை ஆடியில் விதைத்தால் புரட்டாசிப் புழுக்கத்திலும் ஐப்பசி அடைமழையிலும் பூக்கும், இரண்டும் உதவாது. மழை விட்ட பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று கார்த்திகைக் கடைசியில் விதைத்தால் பூக்கவே மாசியாகிவிடும். நாலு கொத்து பிடிப்பதற்குள் இரவு சூடேறிவிடும். எனவே மழைக்காலம் முழுவதும் நாற்றைக் கூரைக்கடியில் காப்பாற்றியே தீர வேண்டும். டெல்டாவில் பெரிய தக்காளி வளர்ப்பதன் சிரமம் முக்கால்வாசி அங்கேதான் இருக்கிறது.

எந்த ரகம்

நம் ஊர் ரகங்கள் இந்த வேலைக்கானவை அல்ல. பெரியகுளத்தின் பி.கே.எம். 1 நல்ல தக்காளி. ஆனால் சிறியது, ஓரளவு வளர்ந்து நின்றுவிடும் செடி. பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா ரக்ஷக் இலைச்சுருட்டு வைரஸ், பாக்டீரியா வாடல், முன்பருவ இலைக்கருகல் மூன்றையும் தாங்கும் கலப்பினம். பழம் 90 முதல் 100 கிராம். முதல் தடவை தக்காளி போடுகிறவர் பெரிய ரகத்தோடு இதிலும் நாலு செடி வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். ரசத்துக்கும் குழம்புக்கும் அதுவே போதும். பெரிய பழத்தில் சதைதான் அதிகம், சாறு குறைவு. ரசம் வைத்தால் சப்பென்றிருக்கும்.

பீஃப்ஸ்டேக் எனப்படும் பெரிய வகைகளில் பிராண்டிவைன் பெயர்தான் எல்லோர் வாயிலும் அடிபடும். ருசியில் குறை சொல்ல முடியாது. ஆனால் அது தாமதமாகக் காய்க்கும். சூட்டில் முதலில் பூவை உதிர்ப்பதும் அதுதான். நம் குறுகிய குளிர்காலத்துக்கு அதை முதல் தேர்வாகச் சொல்ல மாட்டேன். பிரான்சின் மார்மாண்ட் 150 முதல் 250 கிராம்தான் வரும். வரிவரியாக மடிப்பு விழுந்திருக்கும். ஆனால் சீக்கிரம் காய்த்துவிடும். செரோகி பர்ப்பிள் நடுத்தரம். 250 கிராமுக்கு மேல் எளிதாகப் போகும். பிளாக் கிரிம் ருசியானது, வெடிப்பும் அதிகம். பிக் பீஃப் என்ற கலப்பினத்துக்கு ஃபியுசேரியம் என்ற பூஞ்சையால் வரும் வாடலையும் வேர்முடிச்சு நூற்புழுவையும் தாங்கும் குணம் உண்டு. பழங்கால ரகங்களுக்கு அந்தக் காப்பு இல்லை. விதைப் பொட்டலத்தில் 75 நாள், 80 நாள் என்று போட்டிருப்பது நட்ட நாளிலிருந்து கணக்கு. விதைத்த நாளிலிருந்து என்று நினைத்து ஏமாற வேண்டாம்.

நாற்று, மழைக்கு நடுவே

98 குழித்தட்டு போதும். தென்னை நார்க் கழிவு மூன்று பங்கு, சலித்த மண்புழு உரம் ஒரு பங்கு. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்து நார் ஆலைகளில் கழிவு மலிவாகக் கிடைக்கும். ஆனால் அதில் உப்பு இருக்கும். நல்ல தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து, இரண்டு மூன்று தடவை அலசிய பிறகுதான் பயன்படுத்த வேண்டும். அலசாமல் போட்டால் முளைத்த நாற்று இலை நுனி கருகி அப்படியே நிற்கும்.

விதையை, நோய்ப் பூஞ்சையைத் தடுக்கும் பாக்டீரியாவான சூடோமோனாஸ் பொடியில் பிரட்டி, ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில் குழிக்கு ஒன்றாகப் போடுங்கள். குளிர்நாடுகளில் விதைத்தட்டுக்கு அடியில் சூடு கொடுக்கும் விரிப்பு வைப்பார்கள்; இங்கே அந்த வேலையே இல்லை. 25 முதல் 30 டிகிரியில் ஐந்திலிருந்து எட்டு நாளில் முளைத்துவிடும். முளை தெரிந்த அன்றே வெளிச்சத்துக்குக் கொண்டுவர வேண்டும். கீற்றுக் கொட்டகையிலோ தாழ்வாரத்திலோ விட்டுவைத்தால் இரண்டே நாளில் நூல்போல நீண்டு சாய்ந்துவிடும். மழை மறைக்க வேண்டும், வெளிச்சத்தை மறைக்கக் கூடாது. நாலு கழி நட்டு, மேலே தெளிவான பாலித்தீன் தாளை ஒருபக்கம் சரிவாகக் கட்டி, சுற்றிலும் 50 மெஷ் நைலான் வலை அடித்தால் போதும். வலை வெள்ளை ஈக்காக. இலைச்சுருட்டு வைரஸை அதுதான் கொண்டுவருகிறது. நாற்றுப் பருவத்தில் தொற்றிவிட்டால் அந்தச் செடியில் பழத்தை எதிர்பார்க்கவே வேண்டாம்.

ஐப்பசி ஈரத்தில் நாற்றைக் கொல்வது நாற்றழுகல். தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் தண்ணீர் கோத்தது போல மெலிந்து, நாற்று மடிந்து விழும். கூரைக்கடியில் இருக்கும் தட்டுக்கு மழைநாளில் தண்ணீரே தேவைப்படாது என்பதைப் பலர் மறந்து, பழக்கத்தில் பூவாளியைத் தூக்குகிறார்கள். தட்டைக் கையில் தூக்கிப் பாருங்கள். கனமாக இருந்தால் விட்டுவிடுங்கள். லேசாக இருந்தால் காலையில் மட்டும் ஊற்றுங்கள். தட்டைத் தரையில் வைக்காமல் ஓரடி உயரத்தில் வைத்தால் அடியில் காற்று ஓடும்.

விதையிலைக்குப் பிறகு வரும் உண்மை இலை இரண்டு மூன்று விட்டதும், ஏறக்குறைய பதினைந்தாம் நாளில், நாலு அங்குலப் பைக்கு மாற்ற வேண்டும். கடைகளில் விற்கும் 25 நாள் நாற்று வயல் நடவுக்குச் சரி. நாம் மழை விடும்வரை 40, 45 நாள் காத்திருக்கப் போகிறோம். குழித்தட்டிலேயே விட்டால் வேர் சுருண்டு செடி முதிர்ந்துவிடும். மாற்றும்போது விதையிலை வரை மண்ணுக்குள் புதைக்கலாம். தண்டிலிருந்து புதுவேர் விடும். அதன் பிறகு வாரம் ஒருமுறை ஒரு லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லி பஞ்சகவ்யம். நாற்று வெளிறாமல் இருந்தால் அதுகூட வேண்டாம்.

களிமண்ணும் மேட்டுப்பாத்தியும்

பழைய டெல்டாவின் களி வளமானது; தண்ணீரை மட்டும் விடாது. சுற்றிலும் சம்பா நிற்கும் காலத்தில் கொல்லையில் இரண்டடி தோண்டினாலே ஊற்று வரும். மேட்டூர் அணையை ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடுவது வழக்கம். நம் தக்காளியின் முக்கியமான நாட்கள் வாய்க்காலில் தண்ணீர் ஓடும் காலத்துக்குள்தான் வருகின்றன. தக்காளி வேர் ஒன்றிரண்டு நாள் தண்ணீரில் நின்றால் மூச்சுமுட்டி அழுகத் தொடங்கும். சமதரையில் நடுவது என்ற பேச்சுக்கே இடமில்லை.

மூன்றடி அகலம், குறைந்தது ஓரடி உயரம், இரண்டு பாத்திக்கு நடுவே ஒன்றரை அடி வாய்க்கால். அந்த வாய்க்கால் எங்கேயாவது போய் வடிய வேண்டும். வடிகால் இல்லாத வாய்க்கால் பாத்தியைச் சுற்றிய குட்டைதான். பாத்தியை ஆவணியிலேயே எடுத்துவிடுங்கள். ஒரு பிடி மண்ணை உருட்டி விரலால் குத்துங்கள். பொலபொலவென்று உடைந்தால் கொத்தலாம். வழுவழுவென்று விரலில் ஒட்டினால் இரண்டு நாள் பொறுங்கள். ஈரக் களியைக் கொத்தினால் காய்ந்ததும் கல்லாகிவிடும். சதுர மீட்டருக்கு நன்றாக மட்கிய தொழுவுரம் பத்துக் கிலோ, அரிசி ஆலையில் கிடைக்கும் கருகிய உமி ஒரு கூடை, வேப்பம்பிண்ணாக்கு 200 கிராம், ஜிப்சம் 100 கிராம். ஜிப்சம் களியை இளக்கும், சுண்ணாம்புச் சத்தும் தரும். அடுப்புச் சாம்பலை அள்ளிப் போடாதீர்கள். நம் மண் பெரும்பாலும் காரப் பக்கம்தான், சாம்பல் அதைக் கூட்டும். ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கத்துச் செம்மண் உள்ளவர்களுக்கு வடிகால் கவலை குறைவு. தொழுவுரத்தைக் கூடுதலாகப் போட்டுக்கொள்ள வேண்டும்.

பையில் வளர்ப்பதானால் செடிக்கு 35, 40 லிட்டர் மண் கொள்ளும் பை. பெயின்ட் வாளியில் பெரிய தக்காளி வளரும், காய்க்கவும் செய்யும். ஆனால் மாசி வெயிலில் மத்தியானத்துக்குள் காய்ந்து, அடி கறுத்த பழமாகத்தான் தரும். கடலோரத்தில் ஆழ்துளைத் தண்ணீர் உப்பாக இருந்தால் பையே நல்லது. பைமண்ணின் மேல் வெள்ளையாகப் பூத்தால் நல்ல தண்ணீரை அடியில் வழியும்வரை ஊற்றி உப்பைக் கழுவிவிட வேண்டும்.

நடவு

கார்த்திகை இரண்டாம் வாரத்துக்கு முன்பு நடாதீர்கள். நவம்பர் புயல் மாதம். 2018-இல் கஜா கரை கடந்தது நவம்பர் 16 அதிகாலை. தென்னையையே சாய்த்த காற்று. நட்ட செடியைவிடப் பையில் இருக்கும் நாற்றைத் தூக்கி வீட்டுக்குள் வைப்பது எளிது. வானம் வெளுக்கும் வாரம் பார்த்து, சாயங்காலத்தில் நடுங்கள். அதற்கு முன் நாலைந்து நாள் கூரைக்கு வெளியே, முதலில் காலை வெயிலில் மட்டும், பிறகு முழுநாளும் வைத்துப் பழக்க வேண்டும்.

தக்காளியை ஆழமாக நட வேண்டும் என்று எல்லா இடத்திலும் படித்திருப்பீர்கள். மணற்பாங்கான நிலத்துக்கு அது சரி. களியில் ஆழமாக நட்டால் வேர் நேரே ஈரத்துக்குள் போகிறது. பாத்தியின் மேல்மண்ணில் மூன்று அங்குலப் பள்ளம் பறித்து, கீழிலைகளைக் கிள்ளிவிட்டு, நாற்றைப் படுக்கவைத்து, நுனியை மட்டும் மெல்ல நிமிர்த்தி மண் அணையுங்கள். படுத்த தண்டு முழுவதும் வேர் விடும், எல்லாம் காற்றோட்டமான மண்ணிலேயே. செடிக்குச் செடி இரண்டடி, பாத்திக்கு ஒரே வரிசை. நெருக்கி நட்டால் மார்கழிப் பனி மத்தியானம் வரை இலையில் நிற்கும், கருகல் அங்கிருந்துதான் தொடங்கும்.

கழியை நடும் அன்றே ஊன்ற வேண்டும். பிறகு அடித்தால் வேர் அறுபடும். டெல்டாவில் சவுக்குக் கழிக்குப் பஞ்சமில்லை. எட்டடிக் கழி, ஒன்றரை அடி மண்ணுக்குள். கட்டுவதற்கு நனைத்த வாழைநார். தண்டுக்கும் கழிக்கும் நடுவே எட்டு வடிவில் குறுக்கிட்டுக் கட்ட வேண்டும். தண்டின் பக்கம் விரல் நுழையும் இடைவெளி இருக்கட்டும். நைலான் கயிறு கனம் ஏறும்போது தண்டை அறுக்கும்.

பக்கக் கிளைகளைப் பொறுத்தவரை, வெளிநாட்டுக் குறிப்புகள் ஒரே தண்டு விடச் சொல்லும். நம் வெயிலுக்கு அது ஒத்துவராது. இலை மறைவு இல்லாத பழத்தில் வெள்ளையாகத் தழும்பு விழுந்து வெந்துபோகும். முதல் பூங்கொத்துக்குக் கீழே இருக்கும் கிளையை மட்டும் விட்டு, இரண்டு தண்டாக வளர்த்து, மற்ற பக்கக் கிளைகளை விரல் நீளம் வருவதற்குள் கிள்ளிவிடுங்கள். மார்மாண்ட் போல அளவோடு நின்றுவிடும் ரகத்தில் கிள்ளினால் காய்தான் குறையும். கிள்ளிய கிளையை எறிந்துவிடாதீர்கள். அரையடி நீளக் கிளையை ஈரமான நார்க் கழிவில் செருகி நிழலில் வைத்தால் பத்து நாளில் வேர்விட்டுவிடும். பொட்டலத்தில் பத்து விதை மட்டும் வரும் ரகங்களுக்கு இது பெரிய உபகாரம். ஆனால் மார்கழி முதல் பாதிக்குள் செருகியதுதான் காய்க்க நேரம் பெறும்.

பூ, காய், தண்ணீர்

தக்காளிப் பூ தன்னைத்தானே மகரந்தச் சேர்க்கை செய்துகொள்ளும். ஆனால் யாராவது உலுக்க வேண்டும். காற்று உலுக்கும், கருவண்டும் நீலப்பட்டைத் தேனீயும் பூவைக் கவ்விச் சிறகை அதிரவைத்து உலுக்கும். சாதாரணத் தேனீக்கு அந்த வித்தை தெரியாது. மார்கழிக் காலையில் பனியால் மகரந்தம் நனைந்து ஒட்டிக்கொண்டிருக்கும், அதனால் பத்து மணிக்கு மேல், பனி காய்ந்த பிறகு, பூங்கொத்தின் காம்பை விரலால் நாலு தட்டு தட்டுங்கள். வலைக்குள் செடி வைத்திருப்பவர்கள் இதைத் தினமும் செய்தாக வேண்டும்.

பெரிய ரகங்களில் முதல் கொத்தில் இரண்டு மூன்று பூ ஒட்டிப் பிறந்து ஒரே பெரிய பூவாக நிற்பதுண்டு. அதிலிருந்து வருவது கோணல்மாணலாகப் பிளந்து, தழும்பேறிய காய். பார்க்கப் பெரிதாக இருந்தாலும் பாதியை வெட்டி எறிய வேண்டிவரும். அந்தப் பூவைக் கிள்ளிவிடுவது நல்லது. பிறகு கொத்துக்கு இரண்டு, மிஞ்சினால் மூன்று காய். கோலிக்குண்டு அளவு வந்ததும் மற்றதை எடுத்துவிட வேண்டும். மனசு வராது, ஆனால் ஆறு காயையும் விட்டால் ஆறும் சாதாரணத் தக்காளி அளவில் நின்றுவிடும். காய் கனத்ததும் கொத்துக் காம்பு மடங்கும். வாழைநாரில் தொட்டில் போலக் கட்டித் தாங்கலாம்.

பழத்தின் அடி கறுத்துத் தோல்போல அமுங்கும் நோய்க்கு ஆளாளுக்கு மருந்து சொல்வார்கள்: பால் ஊற்று, முட்டை ஓடு போடு, சுண்ணாம்பு கரை. டெல்டா மண்ணில் கால்சியம் பெரும்பாலும் இருக்கிறது. தண்ணீரோடு சேர்ந்துதான் அது காய்க்குப் போகும். நன்றாகக் காயவிட்டுத் திடீரென்று குளமாக நிரப்பினால், வேகமாகப் பருக்கும் காயின் நுனிக்கு அது போய்ச் சேராது. காய் பெரிதாக ஆக இந்தப் பற்றாக்குறையும் கூடும். பாத்தியில் மழை விட்ட பிறகு மூன்று நாலு நாளுக்கு ஒருமுறை ஆழமாக நனையும்படி. பையில் தை மாதத்தில் தினம் இரண்டு மூன்று லிட்டர், மாசியில் நாலைந்து லிட்டர். அளவைவிட ஒழுங்கு முக்கியம். காய்ந்த பிறகு திடீரென்று நிரப்பினால் காம்பைச் சுற்றி வெடிக்கவும் செய்யும்.

வைக்கோல் மூடாக்கு அடி கறுப்பதையும் வெடிப்பதையும் குறைக்கும். மூன்று அங்குலம் பரப்புங்கள், ஆனால் மழை முழுதாக விட்ட பிறகு, மார்கழி நடுவில். கார்த்திகையிலேயே பரப்பினால் நத்தை குடியேறி, தண்டடியும் அழுகும். உரம் என்று பார்த்தால் முதல் காய் கோலிக்குண்டு அளவு வந்தபின் செடிக்கு இரண்டு கைப்பிடி மண்புழு உரம், 50 கிராம் வேப்பம்பிண்ணாக்கு. மூன்று வாரம் கழித்து இன்னொரு தடவை. அதற்கு முன் தழைச்சத்தைக் கொட்டினால் செடி இலையாகவே போகும்.

செடி வாடினால்

மத்தியானம் வாடி, சாயங்காலம் நிமிர்ந்தால் அது வெயில். கீழிலை ஒருபக்கமாக மஞ்சளாகி மெல்ல மெல்ல வாடி, தண்டைப் பிளந்தால் உள்ளே பழுப்புக் கோடு ஓடினால் ஃபியுசேரியம். பச்சை இலை பச்சையாகவே ஒரே நாளில் தொங்கி, மறுநாள் காலையிலும் நிமிராவிட்டால் பாக்டீரியா வாடலைச் சந்தேகிக்க வேண்டும். உறுதிசெய்ய ஒரு கண்ணாடித் தம்ளர் போதும். அடித்தண்டில் இரண்டு அங்குலம் வெட்டி, தெளிந்த தண்ணீரில் வெட்டுவாய் மட்டும் முழுகும்படி பிடித்து, ஆடாமல் சில நிமிடம் பாருங்கள். வெட்டிலிருந்து பால் நிறத்தில் இழை இழையாகக் கீழே இறங்கினால் அதுதான். மருந்து கிடையாது. வேரோடும் மண்ணோடும் பிடுங்கி எரித்துவிட்டு, அந்த இடத்தில் தக்காளி, கத்தரி, மிளகாய் மூன்றையும் சில வருஷம் நடாமல் இருக்க வேண்டும். கத்தியையும் கழுவுங்கள்.

வருஷா வருஷம் இது வரும் கொல்லையில் கத்தரியை வேர்ச்செடியாக அடியில் வைத்து, அதன்மேல் தக்காளியை ஒட்டுக் கட்டுவதுதான் வழி. தைவானைத் தலைமையிடமாகக் கொண்ட உலகக் காய்கறி மையம் இந்த வாடலுக்கும் தண்ணீர் தேங்கும் நிலத்துக்கும் இ.ஜி. 203 போன்ற கத்தரி ரகங்களை வேர்ச்செடியாகப் பரிந்துரைக்கிறது. கத்தரி மெல்ல வளரும் என்பதால் ஒரு வாரம் முந்தி விதைத்து, இரண்டின் தண்டும் ஏறக்குறைய இரண்டு மில்லிமீட்டர் தடிமன் வந்ததும் சவரப் பிளேடால் சாய்வாக வெட்டி, சிலிக்கான் கிளிப்பில் சேர்த்து, ஈரக்காற்று நிறைந்த மூடிய பெட்டியில் இருட்டில் வைத்து, நாலைந்து நாளில் மெல்ல வெளிச்சத்துக்குப் பழக்க வேண்டும். ஒட்டுச்செடியை மட்டும் ஆழமாகவோ படுக்கவைத்தோ நடக் கூடாது. ஒட்டு மண்ணைத் தொட்டால் தக்காளி தன் வேரை விட்டுவிடும். செய்த வேலை வீண்.

முன்பருவ இலைக்கருகல் கீழிலையில் வட்டத்துக்குள் வட்டமாகப் புள்ளி போடும். தரையிலிருந்து ஓரடி வரை இலைகளை எடுத்துவிடுங்கள், இலை நனையாமல் அடியில் ஊற்றுங்கள். ஏறிக்கொண்டே போனால் காப்பர் ஆக்ஸிகுளோரைடு லிட்டருக்கு 2.5 கிராம்.

வெள்ளை ஈ தையில் இன்னொரு முறை வரும். சம்பா அறுவடையை ஒட்டி வயலெல்லாம் உளுந்தும் பயறும் தெளித்திருப்பார்கள். வெள்ளை ஈ அதிலும் பெருகி வீட்டுக் கொல்லைக்கும் வரும். மஞ்சள் ஒட்டுப்பொறி செடியின் நுனி உயரத்தில், வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி சோப்புக் கரைசலோடு, சாயங்காலத்தில், இலையின் அடிப்பக்கம் நனைய. காய்ப்புழு காய்க்குள் தலையை நுழைத்துப் பாதி உடல் வெளியே தெரியும்படி தின்னும், கையால் எடுத்துவிடலாம். நாற்று நடும்போதே பூக்கத் தொடங்கிய செண்டுமல்லி வரப்பில் இருந்தால் அந்துப்பூச்சி முட்டையை அங்கே வைக்கும். 2014-இல் இந்தியாவுக்குள் வந்த ஊசிப்புழு வேறு மாதிரி: இலையில் வெளிறிய திட்டுச் சுரங்கம், காயின் காம்படியில் ஊசி குத்தியது போலத் துளை. தாக்கிய இலையையும் காயையும் அன்றன்றே பறித்து அழிக்க வேண்டும். குழியில் போட்டுவைத்தால் அங்கிருந்தே வெளியே வரும்.

பறிப்பதும் விதை எடுப்பதும்

பெரிய பழம் பூத்ததிலிருந்து பழுக்க 50, 60 நாள் எடுக்கும். முதல் பழம் மாசிப் பிறப்பை ஒட்டி வரும். செடியிலேயே சிவக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். அணில், காக்கை, அறுவடை முடிந்த வயலிலிருந்து வரும் எலி, சில ஊர்களில் மயில் எல்லாம் நமக்கு முன்னால் எழுந்துவிடும். வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் சிவப்பு நிறமியும் சரியாக உருவாகாது. தோள் பச்சையாகவோ மஞ்சளாகவோ நின்றுவிடும். அடிப்பக்கம் இளஞ்சிவப்பு ஏறிய அன்றே காம்போடு பறித்து, வீட்டுக்குள் நிழலில், காம்பு கீழாக, ஒன்றோடொன்று படாமல் வையுங்கள். நாலைந்து நாளில் ஒரே சீராகப் பழுக்கும். ருசி குறையாது. குளிர்பதனப் பெட்டியில் வைத்தால்தான் குறையும்.

கலப்பினத்தில் விதை எடுத்துப் பயனில்லை, அதே பழம் வராது. பழங்கால ரகத்தில் எடுக்கலாம். பிராண்டிவைன் போன்றவற்றின் பூவில் சூல்முடி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பக்கத்து ரகத்தின் மகரந்தம் வந்து சேர வாய்ப்பு உண்டு. அதனால் விதைக்கென்று ஒதுக்கிய கொத்தை மொட்டிலேயே மெல்லிய துணிப்பையால் மூடி, தினம் தட்டி, காய் பிடித்ததும் பையை எடுத்துவிட்டு அடையாளத்துக்கு நூல் கட்டுங்கள். நன்றாகப் பழுத்ததும் விதையைச் சாற்றோடு கண்ணாடிக் குவளையில் எடுத்து மூடாமல் வைத்தால் மேலே ஆடை படிந்து நுரைக்கும். குளிர்நாட்டுக் குறிப்புகள் மூன்று நாலு நாள் என்று சொல்லும். மாசிச் சூட்டில் ஒன்றரை நாள் போதும், அதற்கு மேல் விட்டால் குவளைக்குள்ளேயே முளைவிடத் தொடங்கும். தண்ணீர் ஊற்றி அலசி, மிதப்பதைக் கொட்டிவிட்டு, அடியில் தங்கியதைப் பீங்கான் தட்டில் பரப்பி நிழலில் உலர்த்துங்கள். காகிதத்தில் பரப்பினால் ஒட்டிக்கொள்ளும். வளைத்தால் மடங்காமல் ஒடியும் அளவுக்குக் காய்ந்ததும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு இறுக மூடும் பாட்டிலில் போட்டு, ரகத்தின் பெயரையும் வருஷத்தையும் எழுதி ஒட்டிவிடுங்கள். இப்படி வைத்த விதை நாலைந்து வருஷம் முளைக்கும்.